நுரையீரல் உறையில் ஆஸ்பெஸ்டாஸ் தழும்பு: நோயா, இல்லையா?

கரைக்காற்று:
கப்பலில் கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் உறவினர். சி.டி. ஸ்கேனில், புளூரா எனும் நுரையீரல் உறையில் சுண்ணாம்பு படிந்த தழும்புகள் என்று வந்திருக்கிறது. மூச்சில் குறையில்லை. டாக்டரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில்தான் புற்றுநோய் என்று அழுகிறார்கள். இது நோயே இல்லை என்பது என் கட்சி. விலாவை ஒட்டிய வெளிப்படலத்தில் திட்டுத்திட்டாகத் தடிப்பு, அவ்வளவுதான். அது புற்றாக மாறுவதில்லை. அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையே 2007-இல் இதற்கு இழப்பீடு கிடையாது என்று தீர்ப்பளித்தது.

முள்வேலி:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே! அந்தத் தீர்ப்பை ஏற்காமல் ஸ்காட்லாந்து 2009-இல் தனிச் சட்டமே போட்டு, வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கொடுத்தது. புற்றாக மாறாது, சரி. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் உள்ளே போனதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நுரையீரலைத் துப்புரவு செய்யும் செல், தன்னைவிட நீளமான இழையை முழுசாக விழுங்க முடியாமல் திணறி, அழற்சிப் பொருள்களைக் கக்குகிறது. இழை கரையாதவரை அது ஓயாது. மீசோதீலியோமா, அதாவது இந்த உறையிலேயே வரும் புற்று, தலைகாட்ட 30, 40 வருடம்கூட ஆகலாம்.

கரைக்காற்று:
அந்த ஆபத்து இழையால் வருவது, தழும்பால் அல்ல. தழும்பே இல்லாத சக தொழிலாளிக்கும் அது உண்டு. அவரை யாரும் நோயாளி என்பதில்லையே?

நிழற்படம்:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. ரிப்போர்ட்டில் இருப்பது திட்டா, பரவலான தடிப்பா? பரவலானது என்றால் கதையே வேறு. நுரையீரலை ஒட்டிய உள்படலம் தடித்து, வெளிப்படலத்தோடு ஒட்டிக்கொள்ளும். நுரையீரல் விரிய இடமிருக்காது. மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். பெரும்பாலும் உறையில் நீர் கோத்து வற்றிய பிறகு வருவது அது. உதரவிதானமும் விலாவும் சேரும் கூர்மூலை மழுங்கியிருக்கிறதா, பாருங்கள்.

கரைக்காற்று:
கூராகத்தான் இருக்கிறது. திட்டு மட்டும்தான்.

முள்வேலி:
நல்லது. சிகரெட் பிடிப்பாரா?

கரைக்காற்று:
பிடிப்பார். அதற்கென்ன?

முள்வேலி:
மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை. ஆனால் நுரையீரல் புற்றுக்கு ஆஸ்பெஸ்டாஸும் சிகரெட்டும் சேர்ந்தால், தனித்தனியாக இருப்பதைவிட ஆபத்து பல மடங்கு. டாக்டர் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றது தழும்பை. சிகரெட்டைப் பற்றி அவரிடம் கேட்டீர்களா?