அரசிதழில் அச்சிட்டுவிட்டால் சட்டம் மக்களுக்குத் தெரிவிக்கப்பட்டதாகுமா?

குளச்சல் கடலோடி:
2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளிவந்தது. கருத்துக் கேட்புக்கான அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்க முனைந்த அந்த வரைவை, கடலையே நம்பி வாழும் எங்கள் கரையில் எத்தனை பேரால் வாசித்திருக்க முடியும்? அவ்வாண்டு ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க உத்தரவிட்டது. மக்களிடம் கருத்துக் கேட்கும் அறிவிப்பே அவர்களுக்குப் புரியாத மொழியில் வந்தால், அதைத் தெரிவித்தல் என்று நான் ஏற்கமாட்டேன்.

நாஞ்சில் வழக்கறிஞர்:
வரைவைப் பொறுத்தவரை தங்கள் குறை நியாயமானது. சட்டம் வேறு. அது எந்நாளில் நடைமுறைக்கு வந்தது, அதன் சொற்கள் எவை என்பதற்கு ஐயமற்ற ஒரே சான்று வேண்டும் என்பதால்தான் அரசமைப்பின் 348-ஆம் உறுப்பு ஆங்கில உரைக்கு அதிகாரம் அளிக்கிறது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால், அதை நம்பி நடந்தவருக்கு யார் பொறுப்பு?

மார்த்தாண்டம் ஆசிரியை:
பொறுப்பேற்கும் வழி இருக்கிறது, ஐயா. குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் மாநில மொழியொன்றில் வெளியாகும் மொழிபெயர்ப்பை அம்மொழியின் அதிகாரப்பூர்வ உரையாகவே மத்தியச் சட்டங்கள் குறித்த 1973-ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. ஜெய்ப்பூரில் வெளியிடப்படாத அபினிச் சட்டத்தின்படி 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட ஹர்லா என்பவரை 1951-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்ததையும் தாங்கள் அறிவீர்கள்.

நாஞ்சில் வழக்கறிஞர்:
அறிவேன். அத்தீர்ப்பு வெளியிடப்பட வேண்டும் என்றதே தவிர, ஒவ்வொருவருக்கும் புரியவைக்க வேண்டும் என்று கூறவில்லை. ‘எனக்குப் புரியவில்லை’ என்பதை ஒருமுறை ஏற்றுவிட்டால் எந்தச் சட்டத்தையும் நடைமுறைப்படுத்த முடியாது.

குளச்சல் கடலோடி:
அதே தீர்ப்பு, நியாயமான முயற்சியுடன் சட்டத்தை அறிந்துகொள்ள வழக்கத்திலுள்ள ஒரு வழியாவது இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த வழி எங்களிடம் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் ஒன்றிலேயே இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் உள்ளன: கிழக்குக் கரையிலுள்ள சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; மேற்குக் கரையிலுள்ள குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இவ்வளவு குழப்பத்துக்கு இடமிருந்தும் எங்கள் ஊரில் யாரும் நாளைத் தவறவிட்டு நான் கண்டதில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அறிவிப்பு தமிழில் வாசிக்கப்படுகிறது, எழுத்தறியாத பெரியவரும் கேட்டுக்கொள்கிறார். 2020-இல் ஊரடங்கினால் கோவில் மூடியிருந்தது உண்மைதான். ஆனாலும் அந்த வரைவு முதல் நாளே தமிழில் வந்திருந்தால், கோபுரத்து ஒலிபெருக்கியிலாவது வாசித்திருப்போம்.