தண்ணீரையும் காட்டையும் மேடையேற்றும் சிம்பொனிச் சுற்றுப்பயணங்கள்: மனதை விட்டுப் போகாததைப் பகிருங்கள்

மேடைப்பக்கம்:

இசையமைப்பாளர் டான் டுன்னின் தண்ணீர் கான்செர்ட்டோ (தண்ணீர்த் தொட்டிகளையே வாத்தியமாக்கி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) தெரிந்தவர்கள்தான் இந்த இழைக்கு வருவீர்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 1999இல் கர்ட் மசூர் நடத்த, கிறிஸ்டோபர் லாம்ப் தனியாக வாசிக்க, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் அரங்கேற்றிய படைப்பு அது. ஊர் ஊராகக் கொண்டுபோகும்போது அதைக் கெடுப்பது பெரும்பாலும் வாசிப்பு இல்லை. தொட்டி நிரப்பும் நேரம்தான் கெடுக்கிறது.

லாரி தாமதமாக வந்து, குழாயைத் திறந்துவிட்டு மடமடவென்று நிரப்பிய தொட்டி. தனிவாசிப்பாளர் வந்து விரல் முட்டியால் பக்கச் சுவரைத் தட்டுகிறார். நாதமே இல்லை, ஈர மண்ணைத் தட்டியது போல ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழ். குமிழ் கலந்த தண்ணீரில் ஒலி ஓடும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் சுருதி இறங்கும், நாதம் அமுங்கும். குமிழ் மேலேறிப் போகப் போகச் சுருதி தானாக ஏறிவரும். அரங்கக் கதவு திறக்க நேரமாகிவிட்டது, தொட்டியோ இன்னும் அடங்கவில்லை. அந்த நேரத்து அமைதியை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது.

செய்ய வேண்டியது கடினமில்லை. முதலில் தாங்கியை நிறுத்தி ரசமட்டம் பார்க்க வேண்டும். மேடைப் பலகை கொஞ்சம் சரிந்திருந்தால் வெறும் தொட்டியில் தெரியாது, தண்ணீர் ஏறினால் உடனே தெரியும். அடியில் கறுப்பு ரப்பர் விரிப்பு. 60 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளத் தொட்டியில் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே நிறுத்தினால் ஏறக்குறைய 42 லிட்டர் பிடிக்கும். இரண்டு தொட்டிக்கு 85 கிலோ எடை. நிரப்பிய பிறகு நகர்த்தலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். குழாய் முனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெதுவாக நிரப்புங்கள், மேலிருந்து கொட்ட வேண்டாம். நிரப்பியதும் கையால் உள்சுவரை ஒருமுறை வழித்துவிட்டு, ஒரு மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். தண்ணீர் அரங்கின் வெப்பத்திலேயே இருக்கட்டும். சில்லென்று இருந்தால் தொட்டியின் வெளிப்புறம் வியர்த்துச் சொட்டும், வாசிப்பவர் விரலும் விறைக்கும்.

மைக் கடைசியில். ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே 30, 40 செ.மீ. உயரத்தில் ஒன்று. தண்ணீருக்குள் மைக் போடுவதை நான் ஏற்பதில்லை.

ஒலிக்கட்டுப்பாடு:

நீருக்குள் மைக் வேண்டாம் என்பதோடு எனக்கு உடன்பாடு இல்லை. மேலே தொங்கும் மைக் ஆர்கெஸ்ட்ரா மொத்தத்தையும் சேர்த்து இழுக்கும். பித்தளை வாத்தியங்கள் உச்சத்துக்குப் போகும்போது தொட்டி மைக்கில் டிராம்போன்தான் கேட்கும், தண்ணீர் கேட்காது. நீருக்குள் ஹைட்ரோஃபோன் வைத்தால் அந்தக் கசிவு மிகக் குறைவு.

அதில் கிண்ணம் தொட்டிச் சுவரில் உரசினால் இடிபோலக் கேட்கும் என்பது உண்மைதான். அதற்காக முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டையும் வைத்து, துளி சொட்டும் இடங்களில் மேல் மைக்கை ஏற்றுங்கள், கவிழ்த்த மரக்கிண்ணத்தைத் தட்டும் இடங்களில் உள் மைக்கை ஏற்றுங்கள். ஸ்கோரை, அதாவது முழு இசைக்குறிப்பை, பார்த்துக்கொண்டே கை வேலை செய்ய வேண்டும். சல்லடையிலிருந்து தண்ணீர் ஒழுகும் இடத்தில் அரங்கின் ஏசி இரைச்சல் துளியை விழுங்குவதை ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்க முடியாது. ஒலிப்பெட்டியை ஏற்றித் தீர்க்கும் விஷயம் இல்லை அது. ஏசி ஆளிடம் முன்கூட்டியே பேசி, மின்விசிறி வேகத்தை அந்தப் பகுதி முழுக்கக் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும். ஹாம்பர்க் எல்ப்ஃபில்ஹார்மோனி போன்ற தெளிவான அரங்கில் முந்தின ஊரின் ஒலி அளவை அப்படியே போட்டால், துளி விழுவது கல் விழுவது போலாகிவிடும். ஊருக்கு ஊர் புதிதாக அளவு வைக்க வேண்டும்.

செல்லோ வரிசை:

தண்ணீர் தலைப்பில் சுற்றுப்பயணம் என்றாலே டெபுஸியின் 'லா மேர்' ('கடல்') இருக்கும். அதில் யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் பகுதியின் நடுவில் செல்லோக்கள் தனியே எழும் இடம். நான்கு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் நால்வர், ஆக 16 செல்லோ என்று மனதில் வைத்து எழுதப்பட்ட இடம். பல குழுக்கள் அத்தனை செல்லோவோடு பயணம் போவதில்லை. பத்துப் பேர் வந்தால் மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரிகிறது. கீழ்க்குரலில் இருக்கும் இருவரில் ஒருவர் வில்லைத் திருப்பும்போது அந்த இடைவெளி அப்பட்டமாகக் கேட்கிறது. அலை உருண்டு வரவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்.

வில் திருப்புவதை இருவரும் முன்பே பேசி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் பாதி சரியாகும். மீதிக்கு வழி கண்டக்டர் கையில்: கூடச் சேரும் ஹார்னையும் டிம்பனியையும் ஒரு படி இறக்க வேண்டும். எட்டு செல்லோவோடு அதே அகலத்தை எதிர்பார்த்து 'இன்னும், இன்னும்' என்று கை காட்டினால் வில்லின் அழுத்தம்தான் கூடும், ஒலி விரியாது, கரகரக்கும்.

ஹார்ன்கொடி:

செல்லோ வரிசை ஹார்னை இறக்கச் சொல்கிறார். இருக்கட்டும். 'லா மேர்' சுற்றில் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வரும் சண்டை வேறு. மூன்றாம் பகுதி முடிவை நெருங்கும்போது டிரம்பெட்டும் ஹார்னும் ஒலிக்கும் சிறு முழக்கம் 1905 பதிப்பில் உண்டு, திருத்திய 1909 பதிப்பில் இல்லை. எடுத்தது டெபுஸியே. சில கண்டக்டர்கள் திரும்பச் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். ஒரே சுற்றில் நடத்துபவர் மாறினால், தாளில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி அந்தப் பக்கமே கிழியும். முழக்கம் இல்லாத பதிப்பில், பழக்க தோஷத்தால் ஒரே ஒரு டிரம்பெட் மட்டும் உள்ளே நுழைந்த இரவை அங்கிருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அரை நொடிதான். அரங்கு முழுக்கக் கேட்டது.

என் கட்சி, சேர்க்கக் கூடாது. முழக்கம் இருந்த அந்த எட்டு அளவுகளில் (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த எட்டுத் தாளக் கட்டங்களில்) தந்திகள் நடுங்கும்போதுதான் காற்று வருமுன் கடல் திணறுவது தெரிகிறது. முழக்கம் வந்தால் அது வெறும் அறிவிப்பு.

செல்லோ வரிசை:

ஹார்ன்கொடி, முழக்கம் இல்லாவிட்டால் அந்த எட்டு அளவு வெறுமையாகத் தெரிகிறது என்று சேர்ப்பவர்களும் இசையறிந்துதான் சொல்கிறார்கள். எதை வாசித்தாலும் சரி, சுற்று தொடங்குமுன் நூலகர் ஒரே பதிப்பின் தாளை எல்லோருக்கும் வைக்க வேண்டும். பென்சில் திருத்தத்தோடு பயணம் போகக் கூடாது.

ஆற்றங்கரை:

ஹேண்டலின் 'தண்ணீர் இசை'யைப் படகில் வைத்து வாசிக்கும் நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள் உண்டா? 1717 ஜூலை 17 அன்று தேம்ஸில் ஒயிட்ஹாலிலிருந்து செல்சி வரை மன்னர் முதலாம் ஜார்ஜ் படகில் போனபோது, ஏறக்குறைய 50 பேர் இன்னொரு படகில் உட்கார்ந்து வாசித்தார்கள். ஏற்றவற்றம் பார்த்துக் கிளம்பியதால் போகும்போது துடுப்பே வேண்டியிருக்கவில்லை. அன்றைய குறிப்பில் டிரம்பெட், ஹார்ன், ஓபோ, பசூன், ஃப்ளூட், வயலின் எல்லாம் வருகின்றன, டிம்பனி வரவில்லை.

இன்று திறந்தவெளி நீரோரத்தில் சங்கடம் சுருதி. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஊதும் வாத்தியம் 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். ஒத்திகை அறையில் 22 டிகிரி, இரவு ஆற்றங்கரையில் 14 என்றால் கணக்குப்படி 24 சென்ட். மூச்சின் சூடு கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் நீண்ட ஓய்வுக்குப் பிறகு முதல் சுரம் எடுக்கும் ஓபோவுக்கு அந்த ஈடும் கிடையாது. வயலினின் உலோகத் தந்தியோ குளிரில் சுருங்கி ஏறும். ஒரு பக்கம் இறங்க, மறுபக்கம் ஏற, நடுவில் உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கிளாக்கன்ஸ்பீல் இருந்த இடத்திலேயே நிற்கும். அதைத் திருப்ப முடியாதே. அந்த மூன்றும் ஒரே சுரத்தில் சேரும் ஓர் அளவு போதும், பல் கூசும்.

ஊதுபவர்கள் ஓய்வு அளவுகளில் சத்தமில்லாமல் வாத்தியத்துக்குள் சூடான மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மர வாத்தியத்தைக் குளிரிலிருந்து எடுத்த உடனே பலமாக ஊதக் கூடாது, உள்ளே சூடு வெளியே குளிர் என்றால் மரம் வெடிக்கும். தாளுக்குத் துணி உலர்த்தும் கிளிப் நான்கு, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு ஒன்று. பக்கம் திருப்பும் ஓய்வு எங்கே வருகிறதோ அதற்கேற்பத் தாளை முன்பே வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும், காற்றில் கிளிப்பைக் கழற்றி மாட்ட நேரம் கிடைக்காது.

ஆஸ்திரியாவின் பிரெகன்ஸ் விழாவில் ஏரிமேல் மேடை மிதப்பது போலத் தெரிந்தாலும் வியன்னா சிம்பொனி உட்கார்ந்திருப்பது பக்கத்துக் கட்டடத்துக்குள்ளே. ஒலி மட்டும் வெளியே வருகிறது. தண்ணீர்மேல் வாசிப்பது அழகு என்பவர்கள் அந்த ஏற்பாட்டை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கிண்ணம்:

மேடைப்பக்கம் சொன்ன குமிழ் விஷயம் நம் ஜலதரங்கக்காரர்களுக்கும் பழக்கம். ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். அதிர்வது கிண்ணத்தின் சுவர், தண்ணீர் அதற்குப் பாரம். பாட்டிலின் வாயில் ஊதும்போது தண்ணீர் கூடினால் சுருதி ஏறும், அங்கே அதிர்வது மேலே உள்ள காற்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஜலதரங்கத்தை ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்தவர்கள், சுருதி கூட்ட வேண்டிய கிண்ணத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஓபோ, எல்லோரும் சுருதி சேர்க்கும் ‘A’ சுரத்தைப் பிடித்தபடியே நின்றது.

ஆனையாம்பட்டி எஸ். கணேசன் போன்ற வித்வான்கள் கிண்ணத்துத் தண்ணீரைக் குச்சியால் லேசாக அலைய விட்டுக் கமகம் காட்டுவார்கள். மேடை விளக்கின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிச் சுருதி ஏறிக்கொண்டே போகும், சின்னக் கிண்ணம் முதலில் ஏறும். பக்கத்தில் ஒரு கரண்டியும் சொம்புத் தண்ணீரும் இருக்க வேண்டும். மேற்கத்திய குழுவோடு சேரும்போது அவர்களின் ‘A’ 442 ஹெர்ட்ஸில் இருந்தால் முன்பே கேட்டு, அதற்கேற்ற கிண்ணத்தைத் தேர்ந்துகொண்டு போவதே வழி. தண்ணீரால் இறக்கத்தான் முடியும், வெறுங்கிண்ணத்தின் சுருதிக்கு மேலே ஏற்ற முடியாது.

வடக்குவாசி:

பின்லாந்து இசையமைப்பாளர் ரவுத்தவாராவின் 'கான்டுஸ் ஆர்க்டிகுஸ்' பற்றி யாரும் எழுதவில்லையே? 1972, ஔலு பல்கலைக்கழகத்துக்காக எழுதியது. பறவைக் குரல் ஒலிநாடாவில், ஆர்கெஸ்ட்ரா மேடையில். தொடக்கத்தில் இரண்டு ஃப்ளூட் மட்டும், பறவைகள் பிறகுதான் வரும். ஒலிநாடா இயக்குபவர் ஸ்கோர் படிக்கத் தெரியாதவராக இருந்து, ஃப்ளூட்டுக்கு முன்பே கொக்கும் வாத்தும் கத்தத் தொடங்கினால் மொத்தமும் போச்சு. இரண்டாம் பகுதியில் வானம்பாடி இனப் பறவையின் பாட்டு இரண்டு ஸ்தாயி கீழே இறக்கப்பட்டு ஆவிக்குரல் போல வரும். தாழ்ந்த ஒலி தராத சின்ன ஸ்பீக்கரில் அது காணாமல் போகும். ஸ்பீக்கரை மேடை முகப்பில் வைக்காதீர்கள். ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேலே வைத்தால் பறவை வாத்தியங்களுக்கு நடுவில் இருப்பது போலக் கேட்கும். கடைசிப் பகுதியில் அன்னங்கள் பெருகிப் பெருகி வரும்போது ஒலியை ஏற்றும் கை ஆர்கெஸ்ட்ராவின் வேகத்திலேயே ஏற வேண்டும். முந்தினால் பறவை ஜெயிக்கும், பிந்தினால் பறவையே இல்லை.

பால்கனி:

2014 மே, கார்னெகி ஹால். சியாட்டில் சிம்பொனி, நடத்தியவர் லுடோவிக் மோர்லோ, படைப்பு ஜான் லூதர் ஆடம்ஸின் 'பிகம் ஓஷன்'. அதற்குச் சில வாரம் முன்புதான் அந்தப் படைப்புக்குப் புலிட்சர் பரிசு கிடைத்திருந்தது. நடு உச்சத்தில் மூன்று குழுக்களும் ஒன்றாக எழுந்தபோது இருக்கையின் கைப்பிடி அதிர்ந்தது. அவ்வளவுதான் சொல்ல வருகிறது.

ஆனால் கேட்கப் போகிறவர்களுக்குச் சிலது. முன்வரிசைச் சீட்டு வாங்காதீர்கள். தந்தி, மரக்குழல், பித்தளை மூன்றும் தனித்தனிக் குழுவாகப் பிரிந்து உட்காரும். ஒவ்வொன்றும் தன் தன் நீளத்தில் ஏறி இறங்கும். முன்னால் உட்கார்ந்தால் பக்கத்துக் குழு மட்டும் கேட்கும், மற்றது பின்னணியாகிவிடும். முதல் பால்கனியின் முதல் இரண்டு வரிசை நடுப்பகுதி சிறந்தது. கீழ்த்தளம்தான் கிடைக்கிறது என்றால் பால்கனியின் கூரைக்கு அடியில் மட்டும் வேண்டாம், டபுள் பாஸின் அடிநாதம் அங்கே மங்கிவிடும். 42 நிமிடம் இடைவெளியே கிடையாது, தாமதமாக வருபவரை நடுவில் விடவும் மாட்டார்கள். தொண்டைக்கு மிட்டாய் கொண்டுபோனால் காகிதத்தை முன்பே உரித்துவிடுங்கள். நடு உச்சத்துக்குப் பிறகு இசை வந்த வழியே பின்னோக்கித் திரும்பும். அது தெரியாமல் 'முடிந்துவிட்டது' என்று 30ஆம் நிமிடத்தில் எழுந்து போனவர்கள் உண்டு. இன்னும் ஓர் உச்சம் பாக்கி இருக்கும்போது. ஒலிப்பதிவில் கேட்டுவிட்டுப் போவதும் நல்லதே, ஆனால் இயர்போனில் வேண்டாம், அறையில் ஸ்பீக்கரில் கேளுங்கள். அடிநாதம் காதுக்குள் முடிவதில்லை.

ஒலிக்கட்டுப்பாடு:

பால்கனி, கூரைக்கு அடியில் வேண்டாம் என்பது கார்னெகிக்குச் சரி. டோக்கியோ சன்டோரி போன்று நாலாபுறமும் சீட்டு இருக்கும் அரங்கில் இந்தக் கணக்கு மாறும். அங்கே மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பித்தளை முதுகுப்பக்கம், டிம்பனி மடியில். தண்ணீர் கான்செர்ட்டோவுக்கு அதுவே நல்ல இடமாகலாம், தனிவாசிப்பாளரின் கை தெரியாது என்பதைத் தவிர.

மேடைப்பக்கம்:

கை தெரியாவிட்டால் பாதி போச்சு ஐயா. தொட்டிக்குக் கீழிருந்து விளக்கு போடுவதே கை தெரியத்தான்.

ஹைட்ரோஃபோன் யோசனையை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கேபிளைத் தொட்டியின் விளிம்புக்கு மேலாகக் கொண்டுவந்து, தரையைத் தொடுமுன் ஒரு வளைவு தொங்கவிட்டு, அதன் பிறகு இணைப்புப் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டி நின்றுவிடும், இணைப்புக்குள் போகாது. இணைப்புப் பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு மரக்கட்டைமேல் ஏற்றி வையுங்கள். வயலின் முதல் வரிசைக்கும் தொட்டிக்கும் இரண்டு மீட்டராவது விடுங்கள், தெறிக்கும் துளி வார்னிஷில் விழுந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். கச்சேரி முடிந்ததும் வாளியில் மொள்ளாமல் சிறு பம்ப் வைத்து உறிஞ்சி எடுங்கள். தொட்டியைத் துடைத்து முழுக்க உலரவிட்ட பிறகே பெட்டியில் ஏற்ற வேண்டும். ஈரத்தோடு மூடினால் அடுத்த ஊரில் திறக்கும்போது உள்நுரை மெத்தை பூஞ்சை பிடித்திருக்கும், தொட்டியில் உப்புக் கறை வளையமாக நிற்கும். கறைக்கு வினிகர் கலந்த தண்ணீரும் மென்துணியும் போதும். அக்ரிலிக் தொட்டி என்றால் ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ வேண்டாம், மெல்லிய கீறல் கீறலாக வெடிக்கும்.