கடல் காற்றாலைத் திட்டம்: ஊராரிடம் எப்போது கேட்டார்கள்?

தருமபுரியிலிருந்து:
மன்னார் வளைகுடாவில் காற்றாலை என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கூட்டம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோரப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது, திட்டத்தை விளக்க வந்தவர்கள் சமுதாயக் கூடத்தில் திரைகட்டி வரைபடம் காட்டினார்கள். கடல் முழுவதும் ஒரே நீலம், அதன்மேல் கட்டங்கள். வயதான மீனவர் ஒருவர் எழுந்துபோய் ஒரு கட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, "இதுக்குள்ள எங்க பாரு மூணு இருக்கு. ஒண்ணையாவது குறிச்சிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்; அது அவருடைய சட்டை முதுகில் விழுந்தது. கடலடிப் பாறைத்திட்டான பாரில்தான் மீன் தங்கும் என்பதையும், கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் அடையாளமாக வைத்தே அதைக் கண்டடைகிறார்கள் என்பதையும் அந்த ஊரில்தான் அறிந்தேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
அவர்களுக்கு வரைபடமாவது காட்டினார்கள். எங்கள் தோப்பு வழியாக உயர் அழுத்த மின்பாதை வந்தபோது, காய்ப்பிலிருந்த பெங்களூரா மாமரத்தில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு விஷயமே தெரிந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் வழியாகப் பெற்றவர்கள், நிலத்துக்காரரின் சம்மதமில்லாமலே கோபுரம் நடலாம். கடலில் எடுக்கும் மின்சாரமும் இத்தகைய கம்பிகளில்தான் உள்நாட்டுக்கு வந்தாக வேண்டும் என்பதைத் தருமபுரி ஆசிரியர் மறந்துவிடக் கூடாது.

பென்னாகரத்திலிருந்து:
காவேரிப்பட்டணத்து நண்பர் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. அவரிடம் பட்டா இருக்கிறது. மின்கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு இழப்பீடு என்று 2015இலேயே மத்திய அரசு வழிகாட்டியது. கடலுக்குப் பட்டா ஏது? ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் என் மாமா, வெள்ளத்தால் தடை வரும்போதெல்லாம் வருமானமின்றி உட்கார்ந்திருக்கிறார்; தடை நியாயமானதுதான், ஆனால் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே கடலோரத்தில் உறவினர் இருப்பவர்கள் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. ஆகவே அதன்படி பொதுமக்கள் கருத்துக்கேட்பு தானாக நடந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கடற்படுகையைக் குத்தகைக்கு விடும் விதிகள் 2023 டிசம்பரில் வந்துவிட்டன. தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கான ஒப்பந்தப்புள்ளி 2024 பிப்ரவரியிலேயே கோரப்பட்டது. சென்னையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்திடம், மீன்பிடி இடங்கள் பற்றி என்ன ஆய்வு செய்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். கட்டுமானங்களைச் சுற்றிப் படகு எவ்வளவு தூரம் விலகிப் போக வேண்டும், கேபிள் எங்கே கரையேறும், அதன்மேல் வலை இழுக்கலாமா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கு முன்பாக ஒவ்வொரு பாரின் பெயரையும், ஜிபிஎஸ் எண்ணையும், எந்தப் பருவத்தில் என்ன மீன் படும் என்பதையும் ஊராரே பட்டியலிட்டு, கிராம சபைத் தீர்மானத்துடன் இணைத்து ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளட்டும்.