செம்பருத்தித் தொட்டியில் இலை தைத்த கூடு: தொட்டியை நகர்த்தலாமுங்களா?

கேள்வி (கோபி பக்கம்)
வணக்கமுங்க. வாசல் தொட்டிச் செம்பருத்தியில இடுப்பு உயரத்துல ரெண்டு இலையைச் சேர்த்துத் தைச்ச கூடு இருக்குது. வாலை நட்டுக்குத்தலா தூக்கிட்டு ஒரு சின்னக் குருவி வந்து போகுதுங்க. இங்கிலீஷ் புத்தகப் படத்துல வர்ற ரென் குருவியா? பக்கத்துக் கிளையில மாவுப்பூச்சி, மருந்து அடிக்கணும். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கத் தொட்டியை நகர்த்தணும். இரை ஏதாச்சும் வைக்கலாமுங்களா?

பதில் 1
ரென் இல்லீங்க. அந்தக் குடும்பம் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களில்தான். இந்தியாவில் இருப்பது ஒரே இனம், அதுவும் இமயமலையில். நம்ம பக்கம் இலை தைப்பது ரெண்டு பேர். நெற்றி செம்பழுப்பு, முதுகு இலைப்பச்சை என்றால் தையல்சிட்டு. தலை சாம்பல், கண் செம்மஞ்சள், பறக்கும்போது 'டக் டக்'னு சத்தம் என்றால் சாம்பல் கதிர்க்குருவி. கதிர்க்குருவி முட்டை பளபளவென்று செங்கல் நிறம். தையல்சிட்டுடையது வெளிறிய நிறத்தில் செம்புள்ளி. முட்டை பார்க்க இலையை விரிக்காதீங்க, தையல் கிழிந்துவிடும்.

பதில் 2
தொட்டியை ஒரு அடிகூட நகர்த்த வேண்டாமுங்க. தாய்க்குருவி இடத்தைக் குறி வைத்தே வரும். இடம் மாறினால் கூட்டைக் கைவிட வாய்ப்பு அதிகம். திருப்பி வைப்பதும் கெடுதல்தான், மேற்கு வெயில் நேராகக் குஞ்சு மேல் விழும்.

தைப்பது பெட்டை. அலகால் இலை ஓரத்தில் துளை போட்டு, சிலந்தி நூலையோ பஞ்சையோ உள்ளே இழுக்கும். வெளியே வந்த நுனி பிரிந்து விரிவதால் முடிச்சு போட்ட மாதிரி நின்றுகொள்ளும். ஒவ்வொரு தையலும் தனித்தனி. நரம்பு அறுபடாததால் இலை பச்சையாகவே இருக்கும், கூடு கண்ணில் படாது. செடி வாடி அந்த இலை பழுத்தால் காம்போடு கூடும் விழும். அதனால் தண்ணீரை நிறுத்தாதீங்க. வேரில் மட்டும் ஊற்றுங்க, ஓஸ் பைப்பில் மேலே பீய்ச்ச வேண்டாம். தாழ்வார ஒட்டடையையும் இப்போதைக்கு விட்டுவையுங்க, அடுத்த கூட்டுக்கு நூல் அதிலிருந்துதான்.

பதில் 3
மருந்து கூடவே கூடாதுங்க. குஞ்சுக்கு இரையே புழு, சின்ன வண்டு, சிலந்திதான். மருந்து பட்ட புழுவைத் தாய் கொண்டுவந்து ஊட்டினால் குஞ்சுக்கு ஆபத்து. வேரில் ஊற்றும் மருந்தும் இலைக்குச் சாறாக ஏறும், அதுவும் வேண்டாம். மாவுப்பூச்சி ரொம்ப ஏறிய கிளையை, கூட்டுக்குத் தள்ளி இருந்தால் மட்டும், தாய் இரை தேடிப் போன நேரத்தில் வெட்டி எடுங்க. மீதிக்கு, குஞ்சு பறந்த பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடிக்கலாம்.

கம்பு, சோறு வைத்தால் இது தொடாது. காக்காயும் எலியும்தான் வந்து கூட்டைக் கண்டுபிடிக்கும்.

கேள்வி கேட்டவர்
நன்றிங்க. எத்தனை நாள் பொறுக்கணும்?

பதில் 2
3, 4 முட்டை. அடைகாப்பு சுமார் 12 நாள், பொரித்து ஏறக்குறைய 2 வாரத்தில் குஞ்சு வெளியேறும். முட்டை இடும் நாளையும் சேர்த்தால் ஒரு மாதமுங்க. பெயிண்ட் வேலையை அதுவரை தள்ளிப்போடுங்க. வெளியே வந்த குஞ்சு குட்டை வாலோடு சில நாள் செடிக்கடியில் தத்தும். தொலைந்துவிட்டதென்று கூண்டில் எடுத்து வைக்காதீங்க, தாயும் தகப்பனும் அங்கேயே வந்து ஊட்டும். அந்த நாளில் பூனையை மட்டும் வீட்டுக்குள் அடைத்து வையுங்க.