ஆங்கிலம் தெரியாத வீட்டில் ஒரு ஜூலை: லைப்சிக் அனுபவம்

கோடை விடுமுறையில் ஜெர்மன் படிக்க ஒரு மாதம் போகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது பெர்லின் அல்லது மியூனிக். நான் 2024 ஜூலையில் லைப்சிக் போனேன். யார் கேட்டாலும் அந்த ஊரைத்தான் சொல்வேன். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாதான் அதற்கு முதல் காரணம், கோர்ஸ் எல்லாம் அப்புறம்தான். எழுபதைத் தாண்டியவர். தனியாக இருக்கிறார். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது.

இது எவ்வளவு பெரிய வரம் என்பது பெர்லினில் இரண்டு நாள் சுற்றியவர்களுக்குப் புரியும். அங்கே கடையில் ஜெர்மனில் ஆரம்பித்து நாம் கொஞ்சம் தயங்கினால் போதும், எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பேசிப் பழக வந்தவருக்கு அந்த வாய்ப்பு அங்கேயே போய்விடுகிறது. லைப்சிக் 1990 வரை கிழக்கு ஜெர்மனியில் இருந்த ஊர். அந்தக் காலத்தில் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ரஷ்ய மொழி கட்டாயம். அதனால் அங்கே வயதானவர்களில் நிறையப் பேருக்கு ரஷ்யன் ஓரளவு வரும், ஆங்கிலம் வராது. அந்த அம்மாவுக்கு என்னோடு பேச ஜெர்மனை விட்டால் வேறு வழியில்லை. எனக்கும்தான்.

காலை ஏழு மணிக்குச் சமையலறையில் ரொட்டி, வெண்ணெய், அவரே காய்ச்சிய ஜாம், காபி எல்லாம் தயாராக இருக்கும். நன்றாகத் தூங்கினீர்களா, இன்று எங்கே போகிறீர்கள், மதியம் மழை வருமாம், குடை எடுத்துக்கொண்டீர்களா என்று வரிசையாகக் கேட்பார். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு நடுவில் நின்றால், கையில் இருக்கும் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். இடையில் எடுத்துக்கொடுக்கவே மாட்டார். நான் முடித்த பிறகு, அதே வாக்கியத்தைச் சரியான இலக்கணத்தோடு ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் இல்லை, துணி ஆலையில் வேலை பார்த்தவர். எனக்குக் கிடைத்ததில் சிறந்த ஆசிரியர் அவர்தான்.

வகுப்பு ஒன்பது மணியிலிருந்து மதியம்வரை. பி1, அதாவது இடைநிலை. எகிப்திலிருந்து ஒரு மருந்தாளர், போலந்துக்காரர்கள் இருவர், ஆர்கன் இசைக்கருவி படிக்கும் ஒரு கொரியப் பெண். இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை இசைப்பொறுப்பில் இருந்த தாமஸ் தேவாலயம் இங்கே இருப்பதால் அந்தப் பெண்ணுக்கு வேறு ஊரே மனதில் வரவில்லையாம். இடைவேளையில் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன்தான், அதனால் அங்கேயும் பேச்சு நடந்தது. வகுப்பைப் பற்றி வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாகவே இருந்தது.

உண்மையான பாடம் மாலையில் தோட்டத்தில். ஊருக்குள்ளேயே வேலி போட்டுப் பிரித்த சின்னச் சின்னக் குத்தகைத் தோட்டங்கள் ஜெர்மனி முழுக்க உண்டு, ஷ்ரேபர்கார்ட்டன் என்பார்கள். 1860களில் அது தொடங்கியதே லைப்சிக்கில்தான். ஷ்ரேபர் என்ற லைப்சிக் மருத்துவர் பெயரில் அமைந்த சங்கம் முதலில் குழந்தைகள் விளையாட ஒரு திடல் ஏற்படுத்தியது, தோட்டங்கள் அதன் ஓரத்தில் வந்தன. இப்போது ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, உள்ளே கட்டும் குடில் 24 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, மூன்றில் ஒரு பங்கிலாவது காய், பழம் விளைவிக்க வேண்டும். அந்த அம்மா இதையெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

ஜூலையில் யோஹானிஸ்பேரன் பழுக்கும். மணத்தக்காளியை விடக் கொஞ்சம் பெரியது, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் சிவப்பு, நல்ல புளிப்பு. தனித்தனியாகப் பறிக்கக் கூடாது, கொத்தோடு கிள்ள வேண்டும். பிறகு காம்பைப் பிடித்துக்கொண்டு முள்கரண்டியின் பற்களுக்கு நடுவே இழுத்தால் பழம் எல்லாம் பாத்திரத்தில் உதிரும். ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும் அந்த மாலைகளில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டே பேசுவோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கலந்துகொள்வார். அவர் பேசியது அசல் சாக்சன் வழக்கு, லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் பேச்சு. அதில் ப, ட, க எல்லாம் மெலிந்து ஒலிக்கும். வகுப்பில் மற்றவர்கள் இந்த வழக்கைக் கேட்டு மிரண்டார்கள். ஒரே எழுத்தை இடத்துக்குத் தகுந்தபடி வன்மையாகவும் மென்மையாகவும் படித்து வளர்ந்த என் காதுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது.

அப்படி ஒரு மாலையில்தான் அந்த அம்மா 1989 அக்டோபர் 9 பற்றிச் சொன்னார். நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கட்கிழமைப் பிரார்த்தனை முடிந்ததும் மக்கள் கிழக்கு ஜெர்மன் அரசை எதிர்த்து ஊர்வலம் போவது அப்போது வாரா வாரம் நடந்துகொண்டிருந்தது. அன்று சுடுவார்கள் என்ற பயம் ஊர் முழுக்க. ஆஸ்பத்திரிகளில் ரத்தம் தயாராக வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு இவர் போனார். ஏறக்குறைய 70,000 பேர் நகர வட்டச் சாலையில் நடந்தார்கள். சுடவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. "வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன், அப்புறம்தான் கை நடுங்க ஆரம்பித்தது" என்றார். புத்தகத்தில் 'நேற்று சினிமாவுக்குப் போனேன்' என்றே இறந்தகாலம் பழகிக்கொண்டிருந்த நான், ஏன் போனீர்கள், யாரோடு நடந்தீர்கள், மகளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பில் வாக்கியம் தானாக வந்தது.

ஒரு சனிக்கிழமை ஹாலேக்குப் போகச் சொன்னவரும் அவர்தான். அந்த வருடம் 49 யூரோவாக இருந்த டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதச் சீட்டிலேயே போய்வரலாம், உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கே இருக்கும் ஃபிராங்கே அறநிறுவனம்தான் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவின் தரங்கம்பாடிப் பணிக்கு ஜெர்மனியிலிருந்து துணைநின்ற இடம். தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. சீகன்பால்குவும் இதே சாக்சனி நாட்டுக்காரர். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். பத்தே வருடத்தில், 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சானது. அன்று இரவு இதை அந்த அம்மாவுக்கு ஜெர்மனில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: விண்ணப்பப் படிவத்தில் தங்குமிடம் கேட்கும்போது மாணவர் விடுதியா, குடும்பமா என்று இருந்தால் குடும்பம் என்று போடுங்கள். கூடவே, வயதானவர் வீடாக இருந்தால் மகிழ்ச்சி என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். விடுதியில் சுதந்திரம் அதிகம், ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்துவிட்டால் ராத்திரி பேச்சு தமிழிலும் ஆங்கிலத்திலும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அரிசி பருப்பை சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். விசா நேர்காணல் தேதி கோடைக்கு முன்னால் கிடைப்பது கடினம், கோர்ஸில் இடம் உறுதியான அன்றே பதிவு செய்துவிடுங்கள்.