கணவருக்குப் பிப் மதிப்பீடு: கேட்டதற்கெல்லாம் "ஏலும்" என்கிறார், என்ன செய்வது?

நிலாமகள் எழுதியது:

வணக்கம். என் கணவருக்கு 49 வயது. எட்டு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் பலம் குறைந்துவிட்டன. அதுவரை ஒரு சாமான் கிடங்கில் இரவு வேலை செய்தவர். பிப் (PIP, நோயாலோ இயலாமையாலோ கஷ்டப்படுகிறவர்களுக்குப் பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை) படிவத்தை நான்தான் நிரப்பி அனுப்பினேன். இப்போது போனில் மதிப்பீடு என்று கடிதம் வந்திருக்கிறது. இன்னும் 12 நாள் இருக்கிறது.

என் பயமெல்லாம் அவர் சொல்லப்போகும் பதிலைப் பற்றித்தான். யார் சுகம் விசாரித்தாலும் "பரவாயில்லை, எல்லாம் ஏலும்" என்பார். சட்டை போடுவீர்களா என்றால் "போடுவேன்" என்பார். பொத்தான் பூட்டிவிடுவது நான். அவருடைய ஆங்கிலம் வேலைத்தலத்துக்குப் போதும், இதற்குப் போதாது. நான் பக்கத்தில் இருந்து பேசலாமா? மொழிபெயர்ப்பாளர் கேட்கலாமா? ஜி.பி.யின் (குடும்ப டாக்டரின்) கடிதமும் இன்னும் கைக்கு வரவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வந்தி எழுதியது:

தங்கச்சி, எனக்கு ஒன்பது வருடமாக முடக்குவாதம். முதல் மதிப்பீட்டுக்கு நேரில் போனேன். வெளியில் போகிறோமே என்று மகள் தலை பின்னி, சங்கிலி பூட்டி, சப்பாத்தையும் மாட்டிவிட்டுக் கூட்டிப்போனாள். "சமைப்பீர்களா?" என்று கேட்டார்கள். "ஓம், சமைப்பேன்" என்றேன். இருபத்தைந்து வருடம் வீட்டுக்குச் சமைத்தவளுக்கு வேறு பதில் வாயில் வரவில்லை. வெங்காயம் வெட்டுவது மகள். சோற்றுப் பானையை இறக்குவது கணவர். நான் கதிரையில் இருந்து கறியைக் கிண்டுவேன், அதுவும் விரல் வீங்காத நாளில். இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. அறிக்கையில் "குடும்பத்துக்குச் சமைக்கிறார், நேர்த்தியாக உடுத்தியிருந்தார்" என்று வந்தது. கிடைத்தது 4 புள்ளி. உதவித்தொகை கிடைக்கக் குறைந்தது 8 வேண்டும், கூடிய தொகைக்கு 12.

அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நிறைய அழுதேன். அதில் இருந்தது நான் சொன்ன சொல்தான் என்பதை நினைக்க இன்னும் நொந்தது.

அதனால் உங்கள் கணவரோடு முதலில் அந்த "ஏலும்" என்ற சொல்லைப் பற்றிக் கதையுங்கள். நாம் ஏலும் என்பது வேறு, பிப் விதிகளில் ஏலும் என்பது வேறு. அங்கே ஒரு காரியத்தைப் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும், ஒழுங்காகச் செய்ய வேண்டும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும், அதையும் நியாயமான நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சுகதேகி ஒருவருக்கு ஆகக்கூடுதலாக எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது நியாயமான நேரம் இல்லை. இந்த நாலில் ஒன்று தவறினாலும் ஏலாது என்றுதான் எடுக்க வேண்டும். இது 2013இல் வந்த விதிமுறைகளிலேயே இருக்கிறது, யாரும் இரக்கப்பட்டுத் தருவதில்லை. எனக்கு இதை முதலில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அப்புறம், எப்போதாவது வரும் நல்ல நாளை வைத்துப் பதில் சொல்லக் கூடாது. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறார் என்பதுதான் கணக்கு. இன்றைக்கே ஒரு கொப்பி எடுத்து நாள்தோறும் எழுதுங்கள். எழும்ப யார் கை கொடுத்தது, குளிக்கும்போது எதைப் பிடித்தார், எத்தனை தரம் தடுக்கினார் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும், கூட்ட வேண்டாம். சமையலில் அவர்கள் பார்ப்பது ஒரு ஆளுக்கு, பச்சைச் சாமான் வைத்து, சாதாரண அடுப்பில் செய்யும் எளிய சாப்பாடு. வீட்டில் அவர் சமைக்கிறவரா என்பது கேள்வியே இல்லை. ஒரு கையால் உருளைக்கிழங்கைத் தோல் சீவ முடியுமா என்று யோசியுங்கள்.

நடப்பதை அளந்து பாருங்கள். 20 மீட்டர், 50 மீட்டர், 200 மீட்டர் என்று புள்ளி மாறுகிறது. "கடை வரைக்கும் நடப்பார்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. தடி ஊன்றி எத்தனை மீட்டர், எத்தனை இடத்தில் நின்றார், திரும்பி வர முடிந்ததா என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் தாராளமாகப் பக்கத்தில் இருக்கலாம், பேசலாம். தொடக்கத்திலேயே "நான் மனைவி, கூட இருக்கிறேன்" என்று சொல்லி போனை ஸ்பீக்கரில் போடுங்கள். ஆனால் அவர் வாயைத் திறக்க முதல் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவர் "போடுவேன்" என்றதும், "பொத்தான் நான் பூட்டிவிடுகிறேன், அது இல்லாமல் முடியாது" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜி.பி. கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தந்த கடிதம், பிசியோதெரபி அறிக்கை, மருந்துப் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து அனுப்புங்கள். எப்போதாவது பார்க்கும் ஜி.பி.யை விட வீட்டுக்கு வந்து கைப்பிடி பூட்டச் சொன்ன ஒக்குபேஷனல் தெரபிஸ்டுக்குத்தான் (அன்றாடக் காரியங்களைச் செய்ய வழி காட்டுபவர்) அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரியும்.

பாலம் எழுதியது:

நான் சில வருடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன், அதனால் ஒரு விடயம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் தருவார்கள், காசு இல்லை. ஆனால் இன்றைக்கே கடிதத்தில் உள்ள எண்ணுக்கு எடுத்துச் சொல்லுங்கள், இலங்கைத் தமிழ் என்றும் குறிப்பிடுங்கள். ஏன் என்றால், நம்மவர் "எனக்கு வருத்தம்" என்பது நோயை. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு அது மனக்கவலை. "கால் விறைக்குது" என்பதை ஒருவர் குளிர் என்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன். மரத்துப் போகிறதா, இறுகிப் போகிறதா என்று அவரையே தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களே மொழிபெயர்த்தால் உங்கள் சொல் எது, அவர் சொல் எது என்று பிரிக்க முடியாமல் போகும். நீங்கள் மனைவியாக மட்டும் இருங்கள்.

உரையாடலைப் பதிவு செய்ய வேண்டும் என்றால் அதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

நிலாமகள் எழுதியது:

அக்கா, உங்கள் 4 புள்ளி அப்படியேதான் முடிந்ததா?

செவ்வந்தி எழுதியது:

இல்லை. முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் கேட்டு எடுத்தேன். மறுபரிசீலனையில் ஒன்றும் மாறவில்லை. சோர்ந்து விட்டுவிட இருந்தேன், மகள் விடவில்லை. அந்தப் பதில் வந்த பிறகும் மேன்முறையீடு செய்ய ஒரு மாதம் இருந்தது, தீர்ப்பாயத்துக்குப் போனோம். அதற்குக் கட்டணம் இல்லை. ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், இயலாமையைப் பற்றி அனுபவமுள்ள ஒருவர் என மூன்று பேர் இருந்தார்கள். அன்றைக்கு மகளைத் தலை பின்ன வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்னியது அவள் என்று சொன்னேன். பானை, வெங்காயம், சப்பாத்து எல்லாம் சொன்னேன். 10 புள்ளி கிடைத்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்துப் பாக்கியும் தந்தார்கள். ஆனால் மொத்தம் பதினாலு மாதம் போனது தங்கச்சி, அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு எழுதினேன்.

நிலாமகள் எழுதியது:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லியாயிற்று. உங்கள் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கொப்பியை எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய முதல் வரி: "காலை, சட்டை. இடது கையால் மூன்று பொத்தான், 22 நிமிடம். மிச்சம் இவள்."