உதவி: ஹுஸார் என்றால் இலகுரகக் குதிரைப்படைதானே? போலந்தில் மட்டும் ஏன் கவசம்?

கயல்:
வணக்கம். ஐரோப்பியப் போர்கள் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். 'ஹுஸார்' வரும் இடத்திலெல்லாம் அகராதிப்படி 'இலகுரகக் குதிரைப்படை வீரர்' என்றே போட்டு வந்தேன். 1605 கிர்ஹோல்ம் போரில் வந்து நின்றுவிட்டது. அங்கே போலந்து ஹுஸார்கள் மார்புக்கவசம் பூண்டு, நீண்ட ஈட்டியோடு நேரே பாய்ந்து ஸ்வீடன் படையைச் சிதறடிக்கிறார்கள். இதை எப்படி இலகுரகம் என்பது?

லாடம்:
அங்கே அப்படிப் போடாதீர்கள், பொருள் தலைகீழாகிவிடும். 1500 வாக்கில் கூலிப்படையாகப் போலந்துக்கு வந்த செர்பிய ஹுஸார்கள் இலகுரகம்தான். ஈட்டி, கேடயம், அவ்வளவே. 1576இல் மன்னரான ஸ்டீபன் பாத்தோரி காலத்தில் கேடயம் போய்க் கவசம் வந்தது. ஆளே மாறிவிட்டான், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த ஈட்டி நான்கைந்து மீட்டர் நீளம். எடை குறைய மரத்தை உள்ளே குடைந்திருப்பார்கள். மோதிய வேகத்தில் பெரும்பாலும் முறிந்துவிடும். உடனே வாளை உருவ வேண்டியதுதான். 1776இல் இந்தப் படையைக் கலைத்தார்கள்.

குதிரைக்கொட்டில்:
ஹங்கேரியில் கதை வேறு. அங்கே ஹுஸார் கடைசிவரை இலகுரகம்தான். வேவு பார்ப்பது, எதிரியின் உணவு வண்டிகளை மடக்குவது, ஓடுகிறவர்களைத் துரத்துவது எல்லாம் இவர்கள் வேலை. 1757 அக்டோபரில் தளபதி ஆந்திராஸ் ஹாதிக் இப்படிப்பட்ட ஹுஸார்களோடு பெர்லினுக்குள்ளேயே புகுந்து, பணம் கறந்துகொண்டு, பிரஷ்ய உதவிப்படை வருமுன் கிளம்பிவிட்டார். எனக்கு மிகப் பிடித்த படையெடுப்பு இது! மற்ற நாடுகள் பார்த்துப் பின்பற்றியது இந்த ஹங்கேரிய ஹுஸாரைத்தான். இடத்தோளில் தொங்கும் ரோமம் வைத்த மேற்சட்டைகூட அப்படிப் பரவியதுதான்.

'ஹுஸார்' என்றே எழுதுங்கள். ஹங்கேரி, பிரான்ஸ், பிரஷ்யா வரும்போது 'இலகுரக' சேருங்கள். போலந்துக்கு, 1570களுக்குப் பிறகு என்றால், 'கவச ஹுஸார்'.

கயல்:
ரொம்ப நன்றி இருவருக்கும். இன்னொன்று. 1806 வேலூர்ப் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி கொண்டுவந்த 19ஆம் படைப்பிரிவும் இலகுரகக் குதிரைப்படை. அதையும் ஹுஸார் எனலாமா?

லாடம்:
கூடாதுங்க. அது லைட் டிராகூன். டிராகூன் என்பவன் ஆதியில் குதிரையில் போய், இறங்கி நின்று சுடுகிறவன். பிரிட்டனில் 1806-07இல் சில லைட் டிராகூன் பிரிவுகளை ஹுஸார் ஆக்கினார்கள். இந்த 19 அதில் இல்லை. 1816இல் ஈட்டிப்படையாகி, 1821இல் கலைந்தது. பின்னாளில் '19ஆம் ஹுஸார்' என்று வேறொரு பிரிவு வந்தது. தேடும்போது அதுவும் சேர்ந்து வரும், ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயல்:
சரிங்க. வேலூருக்கு 'லைட் டிராகூன்', கிர்ஹோல்முக்குக் 'கவச ஹுஸார்' என்று இப்போதே மாற்றிவிடுகிறேன்.